சதுரங்கமும் தரப்படுத்தலும்

"தரப்படுத்தல்" என்னும் சொல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெறும் அகராதிச் சொல்லன்று. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்காக அரசாங்கம் வகுத்த முறைகளுக்கெல்லாம் நம் மக்கள் இட்ட பொதுப்பெயர் அது. பொறியியற் கல்விக்குச் சிங்கள மொழியில் எழுதிய மாணவனுக்கு 227 புள்ளி போதும், தமிழில் எழுதியவனுக்கு 250 வேண்டும் என்று விதித்த காலம் அது. 1974இல் வந்த மாவட்டப் பங்கீடு பின்தங்கிய பகுதிகளின் பிள்ளைகளுக்கு, அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், சில கதவுகளைத் திறந்தது என்பதை நேர்மையுள்ளோர் மறுக்கார். ஆயினும், பரீட்சை எழுதி முடித்தபின் மாற்றப்பட்ட எண்ணின் வடு இன்னும் ஆறவில்லை.

இன்று அதே சொல்லைச் சதுரங்கப் போட்டிகளின் அறிவிப்புகளில் காண்கிறோம். சர்வதேசத் தரப்படுத்தலுக்காகப் பதிவு செய்யப்பட்ட போட்டியில் ஆடுபவனுக்கே உலகம் ஏற்கும் எண் கிடைக்கும். அந்த எண் எவ்வாறு பிறந்தது? அதனைப் பெறும் வழி யார் கையில் இருக்கிறது? விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடக்கூடிய வினாக்கள் அல்ல இவை. பிள்ளையின் திறமைக்கும் அத்திறமை எழுதப்படும் ஏட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் 1924இல் பாரிஸ் நகரில் தோன்றியது. நாம் அனைவரும் ஒரே இனம் என்பது அதன் முழக்கம். அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களும் மாணவர்களும் கூடி, பின்னாளில் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த மாணவர் காங்கிரஸை அமைத்தனர். ஆனால் முழக்கம் ஒன்று, ஏடு வேறொன்று. ஆட்டக்காரரின் வலிமையைக் கணக்கிடும் முறையை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பௌதிகப் பேராசிரியர் ஆர்ப்பாட் எலோ. அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960இலும் சர்வதேசச் சம்மேளனம் 1970இலும் அம்முறையை ஏற்றன.

கணக்கு எளிது. இருவரின் எண்கள் சமமாயின் எதிர்பார்க்கும் பலன் பாதி. 200 புள்ளி வேறுபாடு இருப்பின், வலியவன் நூறு ஆட்டங்களில் சுமார் 76 புள்ளி எடுப்பான் என்று கொள்வர். 1500 எண்ணுள்ள மாணவி 1700 எண்ணுள்ளவரை வென்றால், பெருக்கெண் 20 ஆயின், அவளுக்குச் சுமார் 15 புள்ளி கூடும். அவள் எந்த ஊர், எந்த மொழி, தகப்பன் என்ன தொழில் என்று அக்கணக்குக் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் தாளில் போட்டுச் சரிபார்க்கலாம். பல்கலைக்கழகத் தரப்படுத்தலுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே.

ஆனால் கணக்கு நேர்மையானது என்பதால் வாசலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று ஆகிவிடாது. சர்வதேசச் சம்மேளனத்தின் 1971ஆம் ஆண்டுப் பட்டியலில் உலகெங்குமிருந்து இடம்பெற்றவர் சில நூறு பேரே. 2200க்குக் கீழ்ப்பட்டவருக்கு அதில் இடமில்லை. அந்தக் கீழெல்லை படிப்படியாகத் தாழ்ந்து 2012இல் 1000 ஆயிற்று. உயர்ந்தோர் குழாத்தின் ஏடு சாதாரண மாணவனின் ஏடாக மாறிய வரலாறு அது. 2024 மார்ச்சில் எல்லை மீண்டும் 1400க்கு ஏறியது. அப்போது 2000க்குக் கீழிருந்த எண்களையும் ஒரு சூத்திரப்படி உயர்த்தினர்.

போட்டியைப் பதிவு செய்யும் விதிகளையும் அறிவோம். எந்த நாட்டில் போட்டி நடக்கிறதோ அந்நாட்டுச் சம்மேளனமே, ஆட்டம் தொடங்குமுன் கால அட்டவணையுடன் அதனைப் பதிய வேண்டும். உரிமம் பெற்ற நடுவர் வேண்டும். நெடுநேர ஆட்டமாயின், அறுபது நகர்த்தல்களுக்கு ஆளுக்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது தர வேண்டும். வலிய ஆட்டக்காரர் இருப்பின் அது ஒன்றரை மணி, இரண்டு மணி என உயரும். முடிவுகளை அறிக்கையாக அனுப்ப வேண்டும், கட்டணமும் உண்டு.

இவை வீண் சம்பிரதாயங்கள் அல்ல. 1990களில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சிறைக்கைதி, சக கைதிகளோடு மட்டுமே ஆயிரக்கணக்கில் ஆடி, அந்நாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறினார். வெளியுலகோடு மோதாத எண் வீங்கும் என்பதற்கு அது சான்று. ஆகவே விதி வேண்டும், அதில் ஐயமில்லை.

எதிர்ப்புறமும் உண்டு. 1987இல் சர்வதேசச் சம்மேளனம் பெண் ஆட்டக்காரருக்கெல்லாம் 100 புள்ளி கூட்டிக் கொடுத்தது. பெண்கள் பெரும்பாலும் தம்முள்ளேயே ஆடியதால் அவர்தம் எண்கள் தாழ்ந்து நிற்கின்றன என்றனர். ஆண்களோடு ஆடிவந்த ஹங்கேரியப் பெண் சூசன் போல்கருக்கு மட்டும் அதை மறுத்தனர். உலகப் பெண்களுள் முதலிடத்தில் இருந்தவள், ஓர் ஆட்டமும் தோற்காமல் பேனா முனையால் அவ்விடத்தை இழந்தாள். ஆடி முடித்தபின் எண்ணை மாற்றும் அதிகாரம் அங்கேயும் இருந்தது!

இனி நம் குடாநாட்டுக்கு வருவோம். எண் இல்லாத ஒருவனுக்கு முதல் எண் கிடைக்க, ஏற்கெனவே எண் பெற்றவரோடு ஐந்து ஆட்டங்களாவது ஆட வேண்டும். எண்ணற்ற ஐம்பது பிள்ளைகள் ஒரு மண்டபத்தில் நாள் முழுதும் ஆடினாலும் ஏட்டில் ஒரு வரியும் ஏறாது. விளக்கிலிருந்தே விளக்கு ஏற்ற வேண்டும். எண்ணிலிருந்தே எண் பிறக்கும். எண் பெற்றவர் வந்துபோகப் பாதை வேண்டும்.

பாதையின் கதையை நாம் அறிவோம். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தியது. மீண்டும் வந்தது 2014இல். ஏ9 நெடுஞ்சாலை 2002இல் திறந்து, 2006இல் மறுபடி மூடப்பட்டு, போர் முடிந்த பின்னரே திறந்தது. 1990களில் மின்சாரமின்றி, ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் ஒளியில் நம் பிள்ளைகள் படித்தனர். 1995இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தது. உலகச் சதுரங்கத்தின் வாசல் ஆண்டுதோறும் அகன்ற அதே காலத்தில், நம் ஊர்ப் பாதைகள் ஆண்டுதோறும் அடைபட்டன. பதிவேட்டில் அக்காலத்துப் பிள்ளைகள் இல்லையென்றால், அவர்களிடம் திறமை இருக்கவில்லை என்பதன்று பொருள்.

அமைப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர் மானுவேல் ஆரோன். அவர் ஊக்கத்தால் 1972இல் சென்னைச் சோவியத் கலாசார நிலையத்தில் மிகயில் தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் எழுந்தது. எண்ணுள்ளவரும் எண்ணற்றவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். அங்கு ஆடிப் பழகிய சிறுவன் விசுவநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனான். மேதை ஒருவனின் அற்புதம் என்று மட்டும் அதைச் சொல்வது பாதி உண்மை. ஒரு மேசையும், ஒரு கடிகாரமும், பதிவு செய்யத் தெரிந்த சிலரும் மறுபாதி.

ஆகவே ஆசிரியத் தோழர்களிடம் நாம் வேண்டுவது இதுதான்: இவ்விதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். நடுவர் பயிற்சி பெற்று உரிமம் எடுங்கள். எண் பெற்ற ஆட்டக்காரரைத் தெற்கிலிருந்தும் அழையுங்கள்; தனித்து ஆடும் கூட்டத்தின் எண் ஒன்று வீங்கும், அல்லது சூம்பும் என்பதைக் கண்டோம். போட்டிகள் பெரிய கல்லூரிகளின் மதில்களுக்குள் முடிந்துவிடக் கூடாது. தீவகத்திலும் வடமராட்சிக் கரையிலும் உள்ள வாசிகசாலைகளிலும் பலகை விரியட்டும். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைக்காக ஊர் செலுத்தட்டும். குலம் கேட்டுக் கிணற்றை மூடிய ஊர்களில், குலம் கேளாத கணக்கு ஒன்று வந்திருக்கிறது. அதன் வாசலில் வேறொரு வேலி முளைக்க விடலாகாது.

ஒரு தரப்படுத்தலில் நம் பிள்ளைகளின் எண்ணைப் பிறர் மாற்றினர். இந்தத் தரப்படுத்தலில் அவர்கள் தம் எண்ணைத் தாமே ஆடிப் பெறட்டும். அதை ஏட்டில் ஏற்றும் பொறுப்பை நாம் ஏற்போம்.