தகரவில்லையும் கைப்பட்டையும்

இதயத்துடிப்பையும் உறக்கத்தையும் கணக்கிடும் கைப்பட்டை நம் காலத்துப் புதுமை. உழைப்பவரின் உடல்நலத்தைச் சோதித்து, எண் கொடுத்து, அதன்பிறகே வேலைக்கு அனுப்பும் வழக்கமோ பழையது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாணத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களுக்குத் தகரவில்லை ஒன்று வழங்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதை அதில் பொறித்த எழுத்தும் எண்ணும் சொல்லும். மண்டபம் முகாமில் அவர்கள் சில நாட்கள் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர், அம்மை குத்தப்பட்டது. காலரா அஞ்சப்பட்ட காலத்தில் அக்காவலுக்குத் தேவை இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால், முகாமுக்கு உடன்படாதவருக்குக் கப்பல் இல்லை. கப்பல் ஏறாதவருக்குக் கூலி இல்லை. அங்கே இசைவு என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

ஏறக்குறைய நூறாண்டு கழித்து அதே கேள்வி ஏலமலைச் சரிவில் எழுந்தது. போடிநாயக்கனூரிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு அன்றாடம் சென்று திரும்புவோரில் பெண்களே மிகுதி. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் அப்பாதை அடைபட்டது. பின்னர் எல்லை கடக்க இணையவழிப் பதிவும் அனுமதியும் தேவைப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 2-இல் நடுவணரசின் ‘ஆரோக்கிய சேது’ செயலி வெளிவந்தது. மே 1-இல் பணியாளர் அனைவருக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. மே 17-இல் ‘இயன்றவரை’ எனத் தளர்த்தப்பட்டது. தனிச்சட்டம் ஏதுமின்றிப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழான ஆணையே இவ்வளவையும் செய்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்து மூன்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை.

அதன்பின் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அதன் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் பணியாளரின் தரவை அவர் இசைவின்றியே கையாள இடந்தருகிறது. இவ்வாயிலின் அகலத்தை நாம் போதிய அளவு பேசவில்லை.

மலைச்சரிவில் மயங்கி விழுமுன் எச்சரிக்கும் கருவி ஓர் உயிரைக் காக்கக்கூடும். அதை வேண்டாம் என்பது அறியாமை. ஆனால், அக்கருவி காட்டும் இரத்த அழுத்தம் மருத்துவரை அடையுமுன் கங்காணியின் கைப்பேசியை அடைந்தால், மறுநாள் ஜீப்பில் அப்பெண்ணுக்கு இடமில்லாமற் போகலாம். கருவியை மறுப்பவருக்கும் கூலி குறையாது, எண் மருத்துவரைத் தாண்டிப் போகாது என்னும் இரண்டு உறுதிகளையும் சட்டம் தரவேண்டும். அவை இல்லாதவரை, செயலியில் ‘சம்மதம்’ என்று அழுத்தும் விரலுக்கும் மண்டபத்தில் தகரவில்லை வாங்கிய கைக்கும் வேறுபாடு மிகக் குறைவு.