சமநிலையில் முடிந்த மூன்று இறுதியாட்டங்கள்

இருவர் பொருதினால் ஒருவர் வெல்வர், மற்றவர் தோற்பர். இருவரும் ஒத்து நின்றால் முடிவு காண்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு ஆஸ்திரேலியக் காற்பந்து உலகம் கண்ட விடை காலந்தோறும் மாறியுள்ளது.

இவ்வாட்டத்தில் நடுவிலுள்ள இரு நெடுங்கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் 6 புள்ளிகள். அவற்றின் அருகேயுள்ள சிறுகம்பத்துக்கும் நெடுங்கம்பத்துக்கும் இடையே சென்றால் 1 புள்ளியே. முன்னதைக் 'கோல்' என்றும் பின்னதைப் 'பிஹைண்ட்' என்றும் வழங்குவர்.

விக்டோரியா மாநிலத்தில் 1897-இல் தொடங்கிய தலைமைப் போட்டியின் இறுதியாட்டம் மும்முறை சமநிலையில் முடிந்தது. 1948-இல் மெல்பர்ன் 10 கோலும் 9 பிஹைண்டும் பெற்றது. எசண்டன் 7 கோலும் 27 பிஹைண்டும் பெற்றது. இரண்டும் 69 புள்ளிகளே! வாய்ப்புகள் பல பெற்றும் குறி தப்பியதால் எசண்டன் வெற்றியை இழந்தது எனலாம். மறுவாரம் மீண்டும் ஆடியபோது மெல்பர்ன் 89–50 என வென்றது. 1977-இல் காலிங்வுட்டும் நார்த் மெல்பர்னும் 76–76 என நின்றன. மறு ஆட்டத்தில் நார்த் மெல்பர்ன் 151–124 என வாகை சூடியது. 2010-இல் காலிங்வுட்டும் செயின்ட் கில்டாவும் 68–68; மறுவாரம் காலிங்வுட் 108–52 என வென்றது.

மறு ஆட்டமுறை தெளிவான தீர்ப்பளித்தது என்பதற்கு இவ்வெண்களே சான்று. எனினும் அதற்கு இடர்களும் இருந்தன. 1990-இல் இறுதிச் சுற்றின் தொடக்கத்தில் வெஸ்ட் கோஸ்ட், காலிங்வுட் குழுக்கள் சமநிலை எய்தின. அதனால் எஞ்சிய ஆட்டங்கள் யாவும் ஒரு வாரம் தள்ளிப்போயின. முதலிடம் பெற்றிருந்த எசண்டன் வாளாவிருக்க நேர்ந்தது. ஆகவே 1991 முதல் இறுதிச் சுற்றில் கூடுதல் நேரம் ஆடும் முறை வந்தது. இறுதியாட்டம் ஒன்றுக்கு மட்டும் பழைய விதியே நீடித்தது. 2016-இல் அதுவும் நீங்கியது.

இம்மாற்றம் தக்கதா? 1948-இல் போட்டியிட்ட 12 குழுக்களும் விக்டோரியாவைச் சேர்ந்தவை. மறுவாரம் கூடுவது அன்று எளிது. பின்னர்ப் போட்டி நாடளாவியது. கண்டத்தின் மறுகோடியிலிருந்து வரும் சுவைஞர் இருமுறை பயணம் செய்தல் அரிது. இக்காரணம் வலிமையுடையதே. ஆயினும் மறு ஆட்டம் ஆற்றலை மீண்டும் முழுமையாக அளந்தது. கூடுதல் நேரமோ களைத்த கால்களின் எஞ்சிய வலிமையையே அளக்கும். வசதி கருதி நாம் விட்டுக்கொடுத்தது இவ்வளவையே ஆகும். 2025 முடிய எந்த இறுதியாட்டமும் கூடுதல் நேரத்திற்குச் செல்லவில்லை. புதிய விதி தன் தேர்வை இனித்தான் எழுத வேண்டும்.