புள்ளிக்கு என்ன அர்த்தம்?

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு பெங்களூர் சாலையில் போகிறவர்கள், பாலுச்செட்டி சத்திரம் பக்கத்தில் இருக்கும் திருப்புட்குழியைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்ததாகச் சொல்லப்படும் ஊர். ராமானுஜர், யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான் என்பது வைணவ மரபு.

குருவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார் சீடர். சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்ணுக்கு உவமையாக 'கப்யாசம்' என்றொரு சொல். 'குரங்கின் பின்பக்கம் போலச் சிவந்தது' என்கிறார் குரு. சீடரின் கண்ணீர் சுடச்சுட குருவின் தொடையில் விழுகிறது. 'கபி' என்றால் நீரைப் பருகும் சூரியன். அதனால் மலர்ந்த தாமரை என்று பொருள் சொன்னாராம் ராமானுஜர். ஓர் எழுத்துகூட மாறவில்லை. உறவுதான் முறிந்தது.

இதே வம்பு கம்ப்யூட்டரிலும் உண்டு. அமெரிக்காவில் 1986 அக்டோபரில் இன்டர்நெட் திடீரென்று படுத்துவிட்டது. மலைமேல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம், கீழே கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். நடுவே சுமார் 400 கஜம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட். அதாவது நொடிக்கு ஐந்து எழுத்து! காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு மலையிறங்கியிருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆய்வுக்கூடத்தின் வான் ஜேக்கப்சன் சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து, கம்பியில் என்னதான் போகிறது என்று ஆராய்ந்தார். அவர் 1988-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு படம்: 54-லிருந்து 58 கிலோபைட் வரையிலான துண்டு ஐந்து தடவை அனுப்பப்பட்டிருக்கிறது. பதில் வருவதற்குள் பொறுமையிழந்து மறுபடி மறுபடி அனுப்பி, நெரிசலை நெரிசலாலேயே வளர்த்திருக்கிறார்கள். அவர் சொன்ன வைத்தியம் எளிது. முதலில் ஒன்று அனுப்பு. 'வந்தது' என்று பதில் வந்தால் இரண்டு, அப்புறம் நான்கு. இன்றைக்கும் நம் செல்போன் இந்த மாதிரிதான் தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறது.

ஜேக்கப்சனும், அதே ஆய்வுக்கூடத்தின் கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கேன் இருவரும் எழுதிய புரோகிராம்தான் 'டிசிபிடம்ப்'. கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால், போகிற வருகிற பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கொட்டும்: மணி, யாரிடமிருந்து, யாருக்கு, அப்புறம் சதுர அடைப்புக்குள் ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் 'பேசலாமா?'. 'எஃப்' என்றால் 'முடித்துக்கொள்ளலாம்'. 'ஆர்' என்றால் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவது. வெறும் புள்ளி இருந்தால் 'வந்து சேர்ந்தது' என்று அர்த்தம். புள்ளிதானே என்று அலட்சியப்படுத்தினால் பாதிக் கதை போச்சு!

வம்பே 'வின்' என்ற எண்ணில்தான். இதற்குமேல் எவ்வளவு வாங்கிக்கொள்ள இடமிருக்கிறது என்பதை எதிராளி சொல்லும் கணக்கு. 229 என்று இருக்கும். 'அய்யோ, 229 பைட்தானா? சர்வர் மூச்சுத் திணறுகிறதே!' என்று பதறுவார்கள், நானும் பதறியிருக்கிறேன். ஆனால் முதல் 'எஸ்' வரியிலேயே எதிராளி 'வின்ஸ்கேல் 7' என்று சொல்லியிருப்பார். இரண்டை ஏழு தடவை பெருக்கினால் 128. 229-ஐ 128-ஆல் பெருக்கினால் 29,312 பைட். திணறலும் இல்லை, ஒன்றும் இல்லை.

பாதியில் வந்து பார்க்கிறவருக்கு அந்த முதல் வரி கிடைக்காது. 229 என்பது 229-ஆகவே நிற்கும். இணைப்பைத் துண்டித்துவிட்டு, முதல் 'எஸ்'ஸிலிருந்து மறுபடி பிடிக்க வேண்டியதுதான்.