நடைதூரமும் அயலும்: கொழும்பில் மாணவர் உறைவிடம் தேடிய வரலாறு

கொழும்பு மாநகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் துறைமுகத்தையும் தேயிலை ஏற்றுமதியையும் கறுவாத்தோட்டத்து மாளிகைகளையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அந்நகருக்குக் கல்வி கற்க வந்து, சொந்த வீடோ வாகனமோ இன்றி, ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போடத்தக்க அறையைத் தேடி ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்த மாணாக்கனைப் பற்றி அவர்கள் அதிகம் எழுதினாரல்லர். ஆயினும், நகரின் எப்பகுதி எவருக்கு உரியதாயிற்று, எக்காரணத்தால் உரியதாயிற்று என்பதை ஆராய விழைவோருக்கு அம்மாணாக்கனின் காலடித் தடம் நல்லதொரு சான்றாகும். பணம் படைத்தவன் தான் விரும்பிய இடத்திற் குடியிருந்து காரில் வேலைக்குச் செல்லலாம். நடந்து செல்பவனுக்கோ தெரிவு குறைவு. அக்குறைந்த தெரிவினுள்ளே அவன் எதனை முதன்மைப்படுத்தினான் என்பதே இவ்விடத்து நோக்கற்பாலது.

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த தமிழ் மாணவர் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் செறிந்து வாழ்ந்தமைக்கு, "தமிழர் தமிழரோடு ஒட்டிக்கொள்வர்" என்ற ஒற்றை விளக்கமே பொதுவாகக் கூறப்படுவதுண்டு. சிலர் இதனைக் குழுமனப்பான்மை எனக் குறையாகவும் கூறுவர். இவ்விளக்கம் முற்றிலும் பிழையானதன்று, ஆனாற் போதாதது. கல்விக்கூடங்கள் எங்கு அமைந்தன, அவற்றை நோக்கி எவ்வூர்திகள் ஓடின, எவை ஓடவில்லை என்பவற்றை முதலிற் கவனித்தல் வேண்டும்.

இலங்கையில் உயர்கல்விக்கெனக் கொழும்பை நாடும் வழக்கத்தை வலுப்படுத்தியது 1870 ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியாகும். அது பொது வைத்தியசாலையை அண்டி, மருதானைக்கும் பொரளைக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்தது. இதற்கு ஐம்பது ஆண்டுகளின் பின், 1921 இல், பல்கலைக்கழகக் கல்லூரி தேர்ஸ்டன் வீதியில், முன்னர் 'றெஜினா வளவு' என வழங்கிய மாளிகையில் ஆரம்பமாயிற்று. குதிரைப் பந்தயத் திடலுக்கு அருகே, செல்வர் வாழும் கறுவாத்தோட்டத்தின் விளிம்பில் அமைந்த இடம் அது. அயலிலுள்ள மாளிகைகளில் ஓர் அறையை வாடகைக்குப் பெறுவதென்பது யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் மகனால் நினைத்தும் பார்க்க முடியாததொன்று. கல்லூரியைச் சார்ந்த விடுதிகள் சிலருக்கே இடமளித்தன. எஞ்சியோர் கல்லூரியைச் சுற்றி எத்தனை தூரத்துள் தமக்கேற்ற அயல் உண்டு என்று தேடவேண்டியவராயினர்.

இங்கேதான் ஊர்திகளின் வரலாறு குறுக்கிடுகின்றது. கொழும்பில் 1899 ஆம் ஆண்டிலிருந்து மின்சார டிராம் வண்டிகள் ஓடின. ஆனால் அவை கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும், மருதானை வழியாகப் பொரளைக்குமே ஓடின. காலி வீதி வழியே தெற்கு நோக்கி டிராம் செல்லவில்லை. 1953 இல் வந்த 'ட்றொலி' பஸ் வண்டிகளும் டிராம் சென்ற தடங்களையே பின்பற்றி, 1964 இல் மறைந்தன. டிராம் அதற்கு முன்னரே, 1960 இல், நின்றுவிட்டது. ஆகவே மருத்துவ மாணவன் டிராம் தடத்தை நம்பி மருதானையிலோ பொரளையிலோ தங்கலாம். தேர்ஸ்டன் வீதிக்குச் செல்லவேண்டிய கலை, விஞ்ஞான மாணவனுக்கு அந்தத் தடம் பயன்படவில்லை.

அவனுக்குக் கைகொடுத்தது கரையோரப் புகையிரதப் பாதையாகும். 1877 இல் மொறட்டுவை வரை நீண்ட இப்பாதையிற் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஆகிய நிலையங்கள் கடலையொட்டி வரிசையாக அமைந்தன. பம்பலப்பிட்டி நிலையத்திலிருந்து பல்கலைக்கழகக் கல்லூரி ஏறக்குறைய ஒரு மைல். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு மைலளவு. பருவச் சீட்டு வாங்க இயன்றவன் புகையிரதத்தில் வந்து எஞ்சிய தூரத்தை நடந்தான். இயலாதவன் முழுத் தூரத்தையும் நடந்தான். மழை பெய்தால் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தான். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் இது சிறிய துன்பமன்று.

இனப்பற்று ஒன்றே காரணமாயிருப்பின், மாணவர் முதலிற் சென்று நிறைந்திருக்க வேண்டிய இடம் கொட்டாஞ்சேனையன்றோ? செட்டியார் தெருவும் கொச்சிக்கடையும் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தை தென்னந்தோட்டமாக இருந்த காலத்திலேயே தமிழ் வழங்கிய பகுதிகள். கோயில்களும் தேவாலயங்களும் தமிழ்க் கடைகளும் அங்கேயே முதலிற் பெருகின. ஆயின் அங்கிருந்து தேர்ஸ்டன் வீதி நான்கு மைலளவு தூரம். நடந்து சென்று முதலாவது விரிவுரையைப் பிடித்தல் அரிது. எனவே தமிழ்ச் சூழல் மட்டும் உள்ள இடத்தை விடுத்து, தமிழ்ச் சூழலும் நடைதூரமும் ஒருங்கே அமைந்த இடத்தையே அவர்கள் நாடினர். அச்சூழலை உண்டாக்கியவர்கள் அரசாங்க சேவையிலிருந்த எழுதுவினைஞர்கள். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இவர்கள் கோட்டைக் கந்தோர்களுக்குப் புகையிரதத்திற் செல்ல வசதியான கரையோர ஒழுங்கைகளிற் குடியேறினர். அவர்களும் கார் இல்லாதவர்களே. மாணவன் அவர்களின் பின்னாற் சென்றான்.

எழுதுவினைஞரின் வாழ்க்கை முறையிலிருந்தே 'சமறி' என்னும் கூட்டுக் குடித்தனமும் மாணவருக்கு வந்தது. மணமாகாத, அல்லது மனைவி மக்களை ஊரில் விட்டுவந்த ஆடவர் நால்வரோ அறுவரோ ஒரு வீட்டை வாடகைக்கெடுத்து, சமையலுக்கு ஒருவரை வைத்து, மாத முடிவிற் செலவைப் பங்கிடுவர். அந்த வீட்டின் விறாந்தையிலோ பின்னறையிலோ மாணவன் ஒருவனுக்கு இடம் கிடைக்கும். அவன் பங்கு குறைவு. வேலை சற்றுக் கூட. சமறி இல்லாத இடத்துக் காலி வீதியிலிருந்த சைவக் கடைகள் உணவளித்தன. வெள்ளவத்தைச் சந்தை நடக்கும் தூரத்தில் இருந்தது. கோயில்களும், 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும், இராமகிருஷ்ண மிஷனும் அவ்வயலிலேயே நிலைகொண்டன. ஒருவன் காலையிற் புறப்பட்டு, கற்று, உண்டு, நூல் வாசித்து, கூட்டமொன்றிற்கும் சென்று, இரவில் மீளும் வரை வாகனம் எதனையும் நாடாமல் இருக்கத்தக்க சிறு உலகம் அது.

எனினும், இவ்வுலகம் எல்லோருக்கும் ஒரேயளவு திறந்திருந்ததெனக் கூறுதல் உண்மையாகாது. அறை கேட்டு வந்தவனிடம் வீட்டுக்காரர் முதலிற் கேட்ட கேள்வி, "தம்பி எவ்விடம்?" என்பது. ஊரின் பெயர் சொல்லப்பட்டதும் அடுத்த கேள்வி குறிச்சியைப் பற்றியதாகும். அதன் பொருள் சாதியே என்பதைக் கேட்டவரும் அறிவர், பதில் சொன்னவனும் அறிவான். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த மாணவனுக்கும், மலையகத்துத் தோட்டங்களிலிருந்து அரிதாக வந்து சேர்ந்தவனுக்கும் இவ்வொழுங்கைகளிற் பல கதவுகள் இக்கேள்வியோடு மூடப்பட்டன. பாதுகாப்பான அயல் என நாம் இன்று போற்றுவது, யாருக்குப் பாதுகாப்பாக இருந்தது என்ற கேள்வியோடு சேர்த்தே போற்றப்பட வேண்டியதாகும்.

பெண்களின் நிலை வேறு. சமறி அவர்களுக்கு இல்லை. உறவினர் வீடு, பெண்கள் விடுதி, அல்லது பெற்றோர் நேரில் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட குடும்பத்தின் ஓர் அறை, இவையே அவர்களுக்கிருந்த வழிகள். கொழும்பில் ஆண்டின் எப்பருவத்திலும் மாலை ஆறு மணியை அண்டிப் பொழுது சாய்ந்துவிடும். நூலகத்தில் ஏழு மணி வரை இருக்க விரும்பும் பெண்ணுக்கு இரண்டு மைல் என்பது ஆடவனின் இரண்டு மைல் அன்று. விளக்கில்லாத மதிலோர வீதிகளைத் தவிர்த்து, கடைகள் திறந்திருக்கும் காலி வீதியாற் சுற்றிச் செல்வதும், இருவர் மூவராகச் சேர்ந்து செல்வதும் அவர்களின் வழக்கமாயிருந்தன. கறுவாத்தோட்டத்து நிழல் மரங்கள் நடப்பதற்கு இனியவை. ஆனால் உயர்ந்த மதில்களுக்குப் பின்னாலிருந்து வீதியைப் பார்ப்பவர் எவருமிலர்.

உறைவிடப் பிரச்சினையை அரசு வேறொரு வகையில் தீர்க்க முயன்றது. பல்கலைக்கழகம் கொழும்பில் அமைய வேண்டுமா, கண்டிப் பகுதியில் அமைய வேண்டுமா என 1920களிலிருந்து நீண்ட வாதம் நடைபெற்று, ஈற்றிற் பேராதனை தெரிவாயிற்று. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகி, ஐவர் ஜெனிங்ஸ் அதன் துணைவேந்தரானார். மாணவர் யாவரும் வளாகத்துள்ளேயே தங்கிக் கற்கும் முறை 1952 இற் கலைப்பீடம் பேராதனைக்குச் சென்றபோது நடைமுறைக்கு வந்தது. அறை தேடும் தொல்லை அங்கே பெரும்பாலும் நீங்கிற்று. ஆயின் மருத்துவமும் வேறு சில துறைகளும் கொழும்பில் எஞ்சின. 1960களில் மாணவர் தொகை பெருகக் கொழும்பில் மீண்டும் கலைப்பீடம் ஏற்பட்டு, 1967 இல் அது தனிப் பல்கலைக்கழகமுமாயிற்று. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அறைக் கதவுகள் மறுபடியும் தட்டப்பட்டன.

இதற்கிடையிற் பாதுகாப்பு என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டிருந்தது. அதுவரை அது கள்வரையும் இருளையும் குறித்த சொல். 1958 மே மாத இறுதியில் கொழும்பில் வன்செயல் பரவியபோது, வீதியில் மறிக்கப்பட்டோர் பேச்சைக் கொண்டும் காதுத் துளையைக் கொண்டும் இனங்காணப்பட்டுத் தாக்கப்பட்டனர். காரில் செல்பவன் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு தப்ப முயலலாம். நடப்பவனுக்கு மூட ஒரு கதவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் அயலிலுள்ள றோயல் கல்லூரி அகதி முகாமாயிற்று. அங்கிருந்து பலர் கப்பலேறிக் காங்கேசன்துறையை அடைந்தனர். 1977 ஓகஸ்டில் இதே அனுபவம் மீண்டது. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியிருந்தமையால், தெற்கிலே கற்ற தமிழ் மாணவர் சிலர் அங்கு மாறிச் செல்ல வழியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1983 யூலை 24 இரவு பொரளையில் ஆரம்பித்த வன்செயல் மறுநாள் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் வந்தது. கும்பல்கள் சில வாக்காளர் இடாப்புகளோடு வந்தன என்பது பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. இதுகாறும் கூறிவந்த நியாயம் முழுவதும் இங்கே தலைகீழாகின்றது. எந்தச் செறிவு மாணவனுக்குக் காவலாக இருந்ததோ, அதே செறிவு அவனைத் தேடிவந்தோருக்கு வேலையை எளிதாக்கிற்று. ஆயினும் அன்று தப்பியோரில் கணிசமானோர், பக்கத்து வீட்டுச் சிங்களவரோ முஸ்லிம்களோ ஒளித்து வைத்தமையாலேயே தப்பினர். நாள்தோறும் அதே ஒழுங்கையால் நடந்து, அதே கடையிற் பாண் வாங்கி, அதே வாசலில் நின்ற பெரியவருக்குத் தலையசைத்துச் சென்றவனை அயல் அறிந்திருந்தது. இடாப்பு அவனது பெயரை அறிந்திருந்தது. அயலவர் அவனது முகத்தை அறிந்திருந்தனர். இவ்விரண்டு அறிதல்களில் எது முந்திற்று என்பது பலருக்கு உயிர்ப் பிரச்சினையாயிற்று.

இவ்வளவுக்குப் பின்னரும் அவர்கள் அங்கேயே மீண்டனர் என்பதுதான் வரலாற்று மாணவனைச் சிந்திக்க வைப்பது. சிதறி வாழ்வதே பாதுகாப்பு என்று கூறுவது எளிது. ஆனால் தன் மொழியறியாத அயலில், ஊரார் எவருமற்ற ஒழுங்கையில், இரவில் மறித்து விசாரிக்கப்படும் மாணவனுக்கு "இவன் எங்கள் வீட்டிற் தங்கும் பொடியன்" என்று வந்து சொல்ல யாருளர்? யுத்த காலத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பெருகியபோது வெள்ளவத்தை முன்னிலும் அடர்த்தியாயிற்று. வீட்டில் தங்குவோரின் விபரங்களைப் பொலிஸிற் பதிவது கட்டாயமாயிற்று. அறை வாடகைக்கு முற்பணத்தோடு பதிவுத்துண்டும் வேண்டியதாயிற்று. நடந்து செல்பவன் சோதனைச் சாவடிகளின் எண்ணிக்கையையும் தூரத்தோடு கூட்டிக் கணக்கிட்டான். புகையிரதமும் அச்சத்துக்குரியதாயிற்று: 1996 யூலை 24 இல் தெகிவளையில் மாலைநேரப் புகையிரதத்தில் வெடித்த குண்டுகளுக்கு இரையானோர் வேலை முடிந்து வீடு திரும்பிய சாதாரண மக்கள்.

2007 யூன் 7 ஆம் திகதி அதிகாலையிற் கொழும்பின் விடுதிகளிலிருந்து தமிழர் 376 பேர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் வவுனியாவிற் கொண்டுபோய் விடப்பட்டனர். தக்க காரணமின்றித் தங்கியிருக்கின்றனர் என்பதே அவர்கள்மீது கூறப்பட்ட குற்றம். மறுநாளே உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. நீதிமன்றத்தின் கட்டளைக்குப் பின் பலர் அதே விடுதிகளுக்கும் அதே ஒழுங்கைகளுக்கும் திரும்பி வந்தனர்.

2009 இல் யுத்தம் முடிந்தபின் சாவடிகள் அகன்றன. பழைய ஓட்டு வீடுகள் இருந்த காணிகளில் 1990களிலிருந்தே எழத் தொடங்கிய மாடிக் குடியிருப்புகள் மேலும் பெருகின. விறாந்தையும் பின்னறையும் உள்ள வீடு அருகிற்று. மாடிவீட்டைக் குடும்பமொன்றே வாடகைக்கெடுக்க இயலும். தனி மாணவனால் இயலாது. அவன் தெகிவளைப் பக்கமோ கிருலப்பனைப் பக்கமோ தள்ளிச் சென்று அறை பார்க்கிறான். குமாரதுங்க முனிதாச மாவத்தை எனப் பெயர் மாறிய தேர்ஸ்டன் வீதிக்கு அங்கிருந்து எத்தனை நிமிட நடை என்பதை அறை பார்க்கப் போகும் அன்றே நடந்து பார்த்துக்கொள்கிறான்.