கிர்க்கிற்குக் குழாய் ஆர்கன் வந்த வழி

எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தின், நாம் அன்போடு அழைக்கும் கிர்க்கின், வரலாற்றைச் சொல்பவர்கள் கிணறுகள் இறக்கி எழுப்பிய அஸ்திவாரத்தையும் பொறியாளர் டி ஹாவிலாண்டின் குவிமாடத்தையும் விடாமல் சொல்வார்கள். 1821-இல் திறக்கப்பட்ட ஆலயத்தில் குழாய் ஆர்கன் 1883-இல்தான் அமைந்தது என்பதையும் இந்த மலரில் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது.

ஆலயத்தைக் கட்டியவர்கள் ஸ்காட்லாந்துத் திருச்சபையார். அவர்களுடைய தாய்ச்சபையில் அந்நாளில் ஆராதனைக்கு இசைக்கருவி கிடையாது. பாட்டுத் தலைவர் ஒருவர் எடுத்துக் கொடுக்க, சபையார் சங்கீதங்களைப் பாடுவார்கள். 1807 ஆகஸ்டில் கிளாஸ்கோ புனித அந்திரேயா ஆலயத்தில் போதகர் வில்லியம் ரிச்சி ஆர்கன் வாசிக்கச் செய்தார். அக்டோபரிலேயே அந்நகர மூப்பர் மன்றம் அதைத் தடுத்துவிட்டது.

எதிர்த்தவர்களை இசையறியாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமல்ல. வேதம் கட்டளையிடாத எதையும் ஆராதனையில் சேர்க்கலாகாது என்பது கால்வின் வழிவந்த அவர்களின் கொள்கை. தாவீதின் சுரமண்டலமும் எக்காளமும் எருசலேம் தேவாலயப் பலிமுறையோடு சேர்ந்தவை. பலிகள் கிறிஸ்துவில் நிறைவேறியபின் அவையும் நின்றன என்றார்கள். புதிய ஏற்பாட்டுச் சபைகள் பாடின. கருவி வாசித்ததாக அதில் எங்கும் இல்லை. மறுதரப்பார் நூற்றைம்பதாம் சங்கீதத்தைக் காட்டினார்கள். கருவி முழங்கினால் சபை வாய்மூடிவிடும் என்ற அச்சமும் எதிர்ப்பாளர்களுக்கு இருந்தது. இந்த ஒன்றில் அவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது.

தடையை உடைத்தவர் எடின்பரோ கிரேபிரையர்ஸ் போதகர் ராபர்ட் லீ. 1863-இல் ஆர்மோனியம், 1865-இல் ஆர்கன் என்று அவர் துணிந்து கொண்டுவந்தார். ஆராதனைச் சீர்திருத்தங்களுக்காகத் திருச்சபை மன்றங்களில் ஓயாமல் வாதாடியவர் 1868-இல் காலமானார். அதன்பின் ஆலயம் ஆலயமாக ஆர்கன் ஏறியது. தனியே பிரிந்திருந்த சுயாதீன ஸ்காட்லாந்துச் சபையும் 1883-இல் கருவிகளை அனுமதித்தது. அதே ஆண்டில்தான் யார்க்ஷயரில் செய்யப்பட்ட நம் ஆர்கனும் இங்கே நிறுவப்பட்டது. அந்தச் சுயாதீனச் சபையார் பெரும்பாலோர் 1900-இல் வேறொரு சபையோடு இணைந்தார்கள். இணையாமல் நின்ற சிறு பகுதியினர் மீண்டும் கருவியற்ற சங்கீதப் பாடலுக்கே திரும்பினார்கள். அவர்களும் 2010-இல்தான் கதவைத் திறந்தார்கள்.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள்: ஞாயிறுதோறும் ஆர்கன் தொடங்கும்போது பாடகர் குழுவிடம் பாட்டை விட்டுவிடாதீர்கள். பாமாலையைத் திறந்து, உரக்கப் பாடுங்கள்.