சொத்து முடக்க ஆணை (இந்தியா)

குற்றத்தின் வழியாக வந்ததாக ஐயுறப்படும் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, வேறு பெயருக்கு மாற்றவோ கூடாதென்று பெரும்பாலும் நீதிமன்றம் பிறப்பிக்கும் தடை. முடக்கம் வேறு, பறிமுதல் வேறு. முடக்கத்தில் உரிமை சொத்துக்காரரிடமே இருக்கும். பறிமுதலில் அது அரசுக்குப் போய்விடும். செய்திகளில் இரண்டையும் கலந்து எழுதுவதால், விசாரணையே தொடங்காதவர்கூட ஊராரின் கண்ணில் குற்றவாளியாகிவிடுகிறார்.

இதற்கான பழைய சட்டம், 1944ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்த அவசரச் சட்டம். அரசுப் பணத்தை மோசடி செய்தவர்கள் வழக்கு முடிவதற்குள் சொத்தைக் கைமாற்றிவிடாமல் தடுக்க வந்தது. அவசரச் சட்டங்களுக்கு இருந்த ஆறு மாத வரம்பு உலகப் போரை முன்னிட்டு அப்போது நீக்கப்பட்டிருந்ததால், அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குற்றப் பணம் கிடைக்காவிட்டால் அதே மதிப்புள்ள வேறு சொத்தை முடக்கவும் அதில் இடமுண்டு. 2018 திருத்தத்தின்படி ஊழல் வழக்குகளிலும் இந்தச் சட்டமே பின்பற்றப்படுகிறது.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, தன் 107ஆவது பிரிவில் இந்த அதிகாரத்தை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது. எஸ்.பி. அல்லது காவல் ஆணையரின் ஒப்புதலோடு புலனாய்வு அதிகாரி மனு செய்வார். சொத்துக்காரர் விளக்கம் தர 14 நாள் அவகாசம். நோட்டீஸ் போனாலே சொத்து கைமாறிவிடும் என்று தோன்றினால், எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை பிறப்பிக்கலாம். குற்ற வருவாய்தான் என்று நீதிமன்றம் கண்டால், மாவட்ட ஆட்சியர் 60 நாளுக்குள் அதைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு விகிதப்படி பகிர்ந்தளிக்க வேண்டும், மிஞ்சியது அரசுக்கு. பணத்தைப் பறிகொடுத்தவர் தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் பகிர்வுக்கு முன் தண்டனைத் தீர்ப்பு வந்திருக்க வேண்டும் என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை. பின்னர் குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானால், பகிர்ந்த பணத்துக்கு யார் பொறுப்பு? அதற்கும் பிரிவில் விடையில்லை. நாடாளுமன்றம் விரைவில் சரிசெய்ய வேண்டிய குறை இது.

ஆணை வங்கிக்குப் போனதும் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. வீடு, நிலம் என்றால் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். அந்தப் பதிவு வில்லங்கச் சான்றில் தெரியும். முடக்கப்பட்ட சொத்தின் கிரயப் பத்திரத்தைப் பதிய மறுக்கப் பதிவாளருக்கு, தமிழ்நாடு 2022இல் கொண்டுவந்த பதிவுச் சட்டத் திருத்தம் அதிகாரம் தருகிறது. முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஒரு பிரிவின்கீழ், வங்கிக் கணக்கைக் காவல்துறை தானாகவே நிறுத்திவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் ஏற்றது. அசையாச் சொத்தைக் கைப்பற்ற அதே பிரிவு இடம் தராது என்று 2019இல் தீர்ப்பளித்தது.

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் தற்காலிக முடக்கத்தைச் செய்பவர் நீதிபதி அல்லர், அமலாக்கத் துறை அதிகாரி. அதைத் தீர்ப்பாணையம் 180 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் காலாவதியாகும்.

1990களில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கதவடைத்தபோது, தமிழ்நாடு 1997இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது செல்லும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைக்கால முடக்கம் அரசாணையால் நடக்கும். உறுதிசெய்வது சிறப்பு நீதிமன்றம். அதற்கு முன், அந்தச் சொத்தில் பாத்தியதை உள்ள எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.