விலையைப் பிறகு பேசும் கட்டுமான முறை

ஆலயத் திருப்பணியோ, தாமான் வீட்டின் பின்னால் சமையலறையை நீட்டும் வேலையோ, குத்தகையாளரைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அவரும் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். அப்போது வரைபடம் தயாராகியிருக்காது, மண்ணைத் தோண்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பாதி வேலையில், பழைய சாக்கடைக் குழாய் குறுக்கே போகிறது என்று கூடுதல் பணம் கேட்டார்கள். அப்பா வாக்குவாதம் செய்தார், பிறகு கொடுத்தார்.

இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடும் ஒரு முறை அமெரிக்காவில் விமான நிலையம், நீர்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற பெரிய திட்டங்களில் பரவி வருகிறது. அதன் பெயர் 'புரோகிரெசிவ் டிசைன் பில்ட்'. 'முற்போக்கு' என்று யாராவது மொழிபெயர்த்தால் நம்ப வேண்டாம். இங்கே அந்தச் சொல்லுக்குப் 'படிப்படியாக' என்பதே பொருள். படிப்படியாக வடிவமைத்துக் கட்டும் முறை எனலாம்.

அதைப் புரிந்துகொள்ள, நமக்குப் பழக்கமான இரண்டு முறைகளை முதலில் பார்த்துவிடுவோம்.

முதலாவது, கட்டடக் கலைஞர் வரைபடத்தை முழுமையாக முடித்த பிறகு டெண்டர் விடுவது. பெரும்பாலும் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போகும். வரைந்தவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர். தளத்தில் சிக்கல் வந்தால் "வரைபடம் தப்பு" என்பார் குத்தகையாளர், "கட்டியது தப்பு" என்பார் கட்டடக் கலைஞர். நடுவில் நின்று கூடுதல் வேலைக்குப் பணம் கட்டுபவர் உரிமையாளர்தான்.

இரண்டாவது, வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே தரப்பிடம் மொத்த விலைக்குக் கொடுப்பது. நம் பொதுப்பணித் துறையும் இதற்கெனத் தனி ஒப்பந்தப் படிவம் வைத்திருக்கிறது. பழி சொல்ல இன்னொருவர் இல்லை என்பது இதன் நன்மை. ஆனால், உரிமையாளர் தன் தேவைகளை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கும் கட்டத்திலேயே விலை முடிவாகிவிடுகிறது. தெரியாத செலவுகளுக்காகக் குத்தகையாளர் விலையை ஏற்றிச் சொல்லலாம். குறைத்துச் சொல்லியிருந்தால், ஓடு, கதவு, குழாய் என்று தரத்தில் கை வைத்து அதை மீட்கப் பார்க்கலாம்.

படிப்படியான முறையிலும் பொறுப்பு ஒரே தரப்பிடம்தான், ஆனால் ஒப்பந்தம் இரண்டு கட்டமாகப் பிரிகிறது. முதலில் அனுபவம், குழுவினரின் தகுதி, அவர்கள் கேட்கும் கட்டணமும் இலாப விகிதமும் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டடத்தின் மொத்த விலை அப்போது கேட்கப்படுவதில்லை. முதல் கட்ட ஒப்பந்தம் வடிவமைப்புக்கும் மண் ஆய்வு போன்ற முன்வேலைகளுக்கும் மட்டும். அதற்குத் தனியாகச் சம்பளம் உண்டு.

உரிமையாளர், கட்டடக் கலைஞர், குத்தகையாளர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரைகிறார்கள். வடிவமைப்பு 30 விழுக்காடு, 60 விழுக்காடு என்று வளரும் ஒவ்வொரு படியிலும் செலவைக் கணக்கிடுகிறார்கள். துணைக் குத்தகையாளர்கள் கொடுத்த விலைப்பட்டியல்கள் வரை கணக்குப் புத்தகம் உரிமையாளருக்குத் திறந்திருக்கும். கணக்கு சரியா என்று பார்க்க அவர் தன் சொந்தச் செலவில் ஒரு மதிப்பீட்டாளரையும் வைத்துக்கொள்வது வழக்கம். கூரை விலை எகிறினால் கூரையை அப்போதே மாற்றலாம், ஏனென்றால் அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

வடிவமைப்பு போதிய அளவு தெளிவான பிறகுதான் மொத்த விலையோ, 'இதற்கு மேல் போகாது' என்ற உச்சவரம்போ பேசி முடிக்கப்படும். பிறகு இரண்டாம் கட்டமான கட்டுமானம் தொடங்கும். விலை ஒத்துவரவில்லையா, உரிமையாளர் அங்கேயே விலகிக்கொள்ளலாம். முதல் கட்டச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, வரைபடங்களை எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் போகலாம். இந்த முறைக்கு உயிர் கொடுப்பது இந்த வெளியேறும் வாசல்தான் என்பது என் எண்ணம். அது இல்லாவிட்டால், விலை தெரியாமல் ஒருவரிடம் சிக்கிக்கொண்ட கதையாகிவிடும்.

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி விமான நிலையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1972இல் திறக்கப்பட்ட பழைய முனையங்களுக்குப் பதிலாகப் புதியது கட்ட 2017இல் நகர நிர்வாகம் முனைந்தது. முதலில் உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்குப் போட்டியே இல்லாமல் வேலையைக் கொடுக்கும் யோசனை எழுந்து, எதிர்ப்பு வந்தது. பிறகு மற்ற நிறுவனங்களுக்கும் வாய்ப்பளித்து, எட்ஜ்மூர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்துத் திட்டத்துக்குப் பச்சைக்கொடி காட்டினார்கள்.

அப்போது பேசப்பட்ட செலவு ஏறக்குறைய 100 கோடி அமெரிக்க டாலர். விமான நிறுவனங்களோடு பேசி வடிவமைப்பு வளர்ந்தபோது, வாயில்கள் 35இலிருந்து 39 ஆயின. செலவு 150 கோடி டாலரைத் தொட்டது. முனையம் 2023 பிப்ரவரி 28ஆம் தேதி திறக்கப்பட்டது.

இதை வெற்றி என்பதா, விலை ஏற்றம் என்பதா? இரண்டும்தான். செலவு கூடியது உண்மை. ஆனால் பெரும்பகுதி கூடியது வரைபடம் மேசையில் இருந்தபோது, ஏன் கூடுகிறது என்று கேட்க முடிந்த நேரத்தில். பாதிக் கட்டடத்தின் நடுவில் நின்று கேட்பதைவிட அது மேல்.

குறைகளும் சிறியவை அல்ல. தொடக்கத்தில் விலைப் போட்டி இல்லாததால், பொதுப்பணம் கைமாறும் இடத்தில் சந்தேகம் எழுவது இயல்பு. கலிபோர்னியா மாநிலம் 2023இல் உள்ளாட்சிகளுக்கு இந்த முறையை அனுமதித்தபோதுகூட, 50 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு மட்டும் என்றும், 2030 வரைதான் என்றும் வரம்பு வைத்தது. கணக்குப் புத்தகம் திறந்திருந்தாலும் அதைப் படிக்கத் தெரிந்தவர் உரிமையாளர் பக்கம் இருக்க வேண்டும். வெளியேறும் வாசலும் நாளாக ஆகக் குறுகிவிடும். ஓராண்டு வடிவமைத்த பிறகு ஆளை மாற்றினால் இழக்கும் காலமே ஒரு செலவு.

விலையைக் கையாளும் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கிள்ளான் மக்கள் வேறு விதத்தில் அனுபவித்திருக்கிறார்கள். எல்ஆர்டி 3 திட்டம் முழுக்க வேறு வகை ஒப்பந்தம். வேலை நடந்துகொண்டிருந்த 2018இல் அதன் செலவு 3,165 கோடி வெள்ளியிலிருந்து 1,663 கோடி வெள்ளியாகக் குறைக்கப்பட்டு, நிலையான விலை ஒப்பந்தமாக மாற்றப்பட்டது. அப்போது ஐந்து நிலையங்கள் கைவிடப்பட்டன. புக்கிட் ராஜாவும் பண்டார் பொட்டானிக்கும் அவற்றில் அடக்கம். அந்த ஐந்தையும் மீண்டும் கட்டும் அறிவிப்பு 2023 அக்டோபரில்தான் வந்தது.

தமிழ்ப்பள்ளி மண்டபமோ ஆலயமோ கட்டும் நிர்வாகத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் முறை முழுமையாகப் பொருந்தாது. ஆனால் அதன் எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளலாம். வடிவமைப்புக்கும் மண் ஆய்வுக்கும் மட்டும் முதலில் ஒரு சிறு ஒப்பந்தம் போட்டு, அதற்குரிய பணத்தை மனம் கோணாமல் கொடுங்கள். இலவசமாக வரைந்து தருகிறேன் என்பவரிடமிருந்து விலகுவது கடினம். கட்டுமான விலையை அதன் பிறகு, துணைக் குத்தகையாளர்களின் விலைப்பட்டியலோடு கேளுங்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்கும் அந்தப் பட்டியலைக் காட்டலாம்.

வரைபடத்தைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நகராண்மைக் கழகத்துக்குப் போகும் வரைபடம் கட்டடக் கலைஞரின் கையெழுத்தில் போகிறது. அவருடைய விடுவிப்புக் கடிதம் இல்லாமல் இன்னொருவர் அந்த வேலையைத் தொடர்வது எளிதல்ல. பணம் பாக்கி இருந்தால் அந்தக் கடிதம் வருவதும் எளிதல்ல.